வாக்கும் ஓர் அமானிதம்

வாக்கு என்பதற்குச் சொல் என்றும் பொருளுண்டு. தேர்தலில் நாம் அளிப்பதும் வாக்கே. 1998 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க., பா.ஜ.க. கூட்டணி தமிழகத்தின் 39 இடங்களுள் 30-ஐ வென்றது. மறு ஆண்டே அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே வாக்கில் கவிழ்ந்தது. அடுத்து வந்த தேர்தலில், எதிரணியில் நின்ற தி.மு.க. பா.ஜ.க.வுடன் கைகோத்தது. வேலூரில் இருமுறையும் வென்றது பா.ம.க.; முதலில் அ.தி.மு.க. அணியில், பின்னர் தி.மு.க. அணியில். 2023 செப்டம்பரில் முறிந்த அ.தி.மு.க., பா.ஜ.க. உறவும் 2025 ஏப்ரலில் மீண்டும் மலர்ந்தது.

கூட்டணி முறிவதே குற்றமன்று. கொள்கைக்காகப் பிரிதல் நேர்மையும் ஆகலாம். முறிவு கண்டு மகிழ்வோரும் உளர்; வெகுள்வோரும் உளர். ஆயின், ‘அரசியலில் இதெல்லாம் இயல்பு’ என அமைதி கொள்வதே அஞ்சத்தக்கது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகத்தில் சொல் தவறியவரை நம்பி மறுமுறை எவர் சரக்குக் கொடுப்பார்? வணிகத்தில் வேண்டும் நாணயம் அரசியலுக்கு வேண்டாவோ?

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கப் பணிக்கிறது இஸ்லாம். வாக்கும் அமானிதமே. எதற்காகச் சேர்ந்தீர், எது மீறப்படின் பிரிவீர் என்று வாக்குக் கேட்டு வருவோரைத் தேர்தலுக்கு முன்னரே வினவுவோம். வினவாத மக்களுக்கு விடை சொல்ல எந்தக் கட்சியும் முன்வராது.