எழுந்திருக்கும் அவகாசம்

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஜனங்கள் வாயிலை நோக்கி நகரத் தொடங்கிய வேளையில், கைப்பிடியில்லாத பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியை அவருடைய பேரன் புஜத்தைப் பற்றி மேல்நோக்கி இழுத்ததைக் கண்டேன். "எந்திரி அப்பாயி, பஸ் போயிடும்" என்று அவன் அவசரப்படுத்த, அவர் பாதி எழுந்து, நாற்காலி பின்னுக்கு வழுக்க, மறுபடியும் அதிலேயே தொப்பென்று அமர்ந்துவிட்டார். "கையை விடுடா" என்று அதட்டியபின், பாதங்களை இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்து, முழங்கால்களில் உள்ளங்கைகளை ஊன்றி, கீழே விழுந்த காசைத் தேடுகிறவர்போல் முன்னே குனிந்து, அப்படியே நிமிர்ந்து நின்றார்.

சரீர சாஸ்திரம் சொல்லுவதும் அதுவே. அமர்ந்திருக்கையில் உடலின் பாரம் பாதங்களுக்குப் பின்னே விழுகிறபடியால், அது முன்னே வந்து பாதங்களின்மேல் நிலைபெறும்வரை எவராலும் எழ முடியாது; அதன் பிறகே தொடையும் பிருஷ்டமும் தம் வேலையைத் தொடங்கி உடலை உயர்த்துகின்றன. புஜத்தைப் பிடித்து மேலே இழுக்கிறவன், அந்த முன்சாய்வைத் தடுத்துவிட்டு, தோள்மூட்டுக்கும் வீண் தொந்தரவு கொடுக்கிறான்.

1869-ல் டாஸ்மேனியாவில் பிறந்து, நாடக மேடையில் வசனம் ஒப்பிக்கையில் குரல் கட்டிக்கொண்ட தொல்லைக்குக் காரணம் தேடப் புகுந்த அலெக்ஸாண்டர் என்பவர், பிற்காலத்தில் லண்டனில் தம் மாணவர்களை நாற்காலியில் உட்காரவும் எழவும் செய்தே பாடம் நடத்தினார். எழ நினைத்த மாத்திரத்தில் கழுத்து இறுகித் தலை பின்னுக்குப் போகும் பழக்கத்தை அவர் கவனித்தார். பிடரியில் கைவைத்துக்கொண்டு எழுந்து பார்த்தால் அது நமக்கும் அகப்படும். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டென்று நான் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டேன்.

வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று போற்றிய இந்த ஏலாக்குறிச்சியில், முழந்தாளிட்டும் தரையில் அமர்ந்தும் எழுந்தும் பழகிய கால்களுக்கு, நாற்காலி தள்ளாத வயதில் பேருபகாரம்தான். முட்டி தேய்ந்தவரைத் தரைக்கு அனுப்பும்படி நான் வாதாடவில்லை. ஆனால் வாடகைக்கு வரும் நாற்காலிகளில் பல தாழ்வானவை, இலேசானவை. இருக்கை முழங்காலுக்குக் கீழே தாழத் தாழ, எழுகிறவரின் பிரயாசை பெருகுகிறது. கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் கைப்பிடியுள்ள, சற்று உயரமான நாற்காலிகள் நாலைந்தையேனும் சுவரோரம், பின்னுக்கு வழுக்காதபடி போட்டு வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்? கைகொடுக்க விரும்புகிறவர் பக்கத்தில் நின்று, குனிவதற்கு இடம் விட்டு, முழங்கையை மட்டும் நீட்டட்டும். பிடிப்பதா வேண்டாமா என்பதை அப்பாயி தீர்மானிக்கட்டும்.