கத்தரித்த நறுக்கு நாளிதழ் ஆகாது

1979ஆம் ஆண்டின் ஒரு குறிப்பிட்ட நாளுக்குரிய தமிழ் நாளிதழின் அச்சுப் படியை இரண்டு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அன்று நாட்டில் என்ன நடந்தது என்பது என் அக்கறை அன்று. அன்றைய தாளில் ‘லை’ என்னும் எழுத்து எவ்வடிவில் அச்சேறியது என்பதே எனக்குத் தெரிய வேண்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் கேட்பது ஒன்றே: “இணையத்தில் இல்லையா?”

இல்லை என்பது மட்டும் பதிலாகாது. இருந்தாலும் அது போதாது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகள் இன்று நாம் எழுதும் வடிவைப் பெற்றன. பெரியார் 1935 ஜனவரியிலேயே ‘குடிஅரசு’ இதழில் இவ்வடிவங்களைக் கையாளத் தொடங்கியிருந்தார். ஆனால் அரசாணை பாடநூலையும் அலுவலகக் கோப்பையும் மாற்றும். தனியார் நாளிதழின் அச்சுக்கோப்பறையை ஒரே இரவில் மாற்றிவிடாது. தலைப்பு, செய்தி, தலையங்கம், வரிவிளம்பரம், வெளியிலிருந்து அச்சுக்கட்டையாக வந்துசேரும் வணிக விளம்பரம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் மாறியிருக்கக்கூடும். அந்த வரிசையைக் காண்பதே என் ஆய்வின் ஒரு பகுதி.

இதற்குத் தட்டச்சு செய்யப்பட்ட பனுவல் உதவாது. ஒருங்குறியில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் குறியீடு ஒன்றே, வடிவ வேறுபாடு எழுத்துருவைச் சார்ந்தது. பழைய தாளைப் பார்த்து எவ்வளவு பிழையின்றித் தட்டச்சு செய்தாலும், தும்பிக்கை போன்ற அந்தப் பழைய கொம்பு திரையில் மறைந்துவிடும். எழுத்துணரி மென்பொருளின் நிலையும் அதுவே. நறுக்குகளும் உதவா. நறுக்கிச் சேர்த்தவர் தமக்கு வேண்டிய கட்டுரையைச் சேர்த்தாரேயன்றி, அதன் பக்கத்திலிருந்த தையல் இயந்திர விளம்பரத்தைச் சேர்க்கவில்லை. எனக்கு வேண்டியது அந்த விளம்பரமும்தான்.

இது மொழியியலாளர் ஒருவரின் தனிக்கவலை என்று எண்ண வேண்டாம். ஒரு செய்தி முதற்பக்கத்தில் வந்ததா, ஏழாம் பக்கத்தின் அடியில் வந்ததா, எதன் அருகில் வந்தது, அதற்கு எவ்வளவு இடம் தரப்பட்டது என்பவை வரலாற்று மாணவருக்கும் சமூகவியல் மாணவருக்கும் சான்றுகளே. நாளிதழ் என்பது கட்டுரைகளின் மூட்டை அன்று. ஒரு நாளை ஓர் ஆசிரியர் குழு எவ்வாறு அடுக்கிப் பார்த்தது என்பதன் பதிவு.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேதியைச் சொல்லிவிட்டால் இதழைச் சொல்லிவிட்டதாக நாம் எண்ணுகிறோம். தொலைவிலுள்ள ஊர்களுக்குச் செல்லும் பதிப்பு முன்னிரவிலேயே அச்சாகும். நகரப் பதிப்பு நள்ளிரவுக்குப் பின் அச்சாகும். இடையில் வரும் செய்திக்காக முதற்பக்கமே மாறலாம். ஒரே தேதியிட்ட இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு இரண்டு ஆய்வாளர்கள் முரண்படலாம். இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம். நம் ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் இதழின் பெயரும் தேதியும் இருக்கும். பதிப்பு எது, பக்கம் எது, பார்த்த படி எந்த நூலகத்தது என்பவை பெரும்பாலும் இரா.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954இல் நாடாளுமன்றம் இயற்றிய நூல் ஒப்படைப்புச் சட்டம் 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக நாளிதழ்களையும் உள்ளடக்கியது. வெளியீட்டாளர் ஒவ்வோர் இதழிலும் ஒரு படியைத் தம் செலவில் பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். கொல்கத்தாவின் தேசிய நூலகம், சென்னையின் கன்னிமாரா, மும்பையின் மைய நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகிய நான்கும் இச்சட்டத்தின்கீழ் படிகளைப் பெறுபவை. தவறுவோர்க்கு அச்சட்டம் விதித்த தண்டம் 50 ரூபாய் வரை. படியைப் பெற வழிவகுத்த சட்டம், பெற்ற படியை எவ்வளவு காலம் எந்நிலையில் காக்க வேண்டும் என்பதில் அதே அக்கறையைக் காட்டவில்லை.

ஆனால் பழியை முழுவதும் சட்டத்தின்மேலும் நூலகத்தின்மேலும் போட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. தில்லியிலிருந்து இரண்டு நாள் பயணம் செய்து ஒரு பழைய நூலகத்தை அடைந்தேன். அதன் பெயர் இங்குத் தேவையில்லை. ஊழியர் ஒருவர் தூசியைத் தட்டி, பைண்டு செய்த தொகுதியைக் கொணர்ந்து மேசைமேல் வைத்தார். நான் தேடிய தேதியின் தாள் இருந்தது. நடுவில் உள்ளங்கை அளவு சதுரம் ஒன்று பிளேடால் சீராக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. வெட்டியவருக்கு வேண்டிய செய்தி முன்பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டிய வரிவிளம்பரப் பத்தி அதன் பின்பக்கத்தில். “படிக்க வர்றவங்கதான் சார் வெட்டுறாங்க” என்றார் ஊழியர், குற்றம் சாட்டும் தொனி சிறிதுமின்றி. எனக்கு வெட்கமாக இருந்தது. கரையான் அவ்வளவு நேராக வெட்டாது. அது என்னைப் போன்ற ஓர் ஆய்வாளரின் கை.

மின்வருடல் செய்துவிட்டால் தாள் எதற்கு என்போர் பெருகிவருகின்றனர். 1999இல் பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்க நாளிதழ்த் தொகுதிகளை விற்க முற்பட்டபோது, எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் தம் சேமிப்பைச் செலவிட்டு அவற்றுள் பலவற்றை வாங்கிக் காப்பாற்றினார். நுண்படச்சுருள் இருக்கிறதென்ற துணிவில் அமெரிக்க நூலகங்கள் மூலத்தாள்களைக் கைவிட்டதைக் கண்டித்து 2001இல் நூலொன்றும் எழுதினார். படமெடுக்கையில் விடுபட்ட பக்கத்தையும் மங்கிய எழுத்தையும் சரிபார்க்க மூலம் இல்லையென்றால், பிழையே மூலமாகிவிடும்.

எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. நாளிதழ்த் தாள் மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். தாள் தொட்டால் உதிரும். இடமும் ஆளும் பணமும் வேண்டும். எல்லா நூலகங்களும் எல்லாவற்றையும் காக்க வேண்டும் என நான் கேட்கவில்லை. ஒவ்வோர் இதழுக்கும் நாட்டில் ஒரு முழுப் படியாவது, எங்கே இருக்கிறது என்று எவரும் அறியத்தக்க பொதுப் பட்டியலுடன், இருளும் குளிர்ச்சியும் உள்ள அறையில் இருக்க வேண்டும். வருடிய படம் அன்றாடப் படிப்புக்கு. மூலத்தாள் ஐயம் எழும் நாளுக்கு. ஒன்று வந்ததால் மற்றொன்று வேண்டாததாகிவிடாது.

நூலகங்களை எதிர்பாராமல் நாமே செய்யக்கூடியவையும் உள்ளன. அடிக்குறிப்பில் பதிப்பையும் பக்கத்தையும் படி இருக்கும் இடத்தையும் எழுதுவோம். படம் எடுக்க இசைவு கிடைத்தால், நமக்கு வேண்டிய பத்தியோடு நில்லாமல் முழுப் பக்கத்தையும் எடுப்போம். விடுபட்ட இதழ்களைக் குறித்து நூலகருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். ஊரில் தாத்தாவின் பரணில் கட்டுக்கட்டாக நாளிதழ்கள் இருந்தால், எடைக்குப் போடுமுன் அருகிலுள்ள ஆய்வு நூலகத்தை ஒருமுறை கேட்போம்.

நான் தேடும் அந்தப் பக்கம் முழுமையாக வேறெங்கோ ஒரு படியில் இருக்கலாம். உங்களில் எவரேனும் 1978 இறுதியிலிருந்து 1980 வரையிலான தமிழ் நாளிதழ்களின் முழுத் தாள்களை எங்கேனும் கண்டிருந்தால் தெரிவியுங்கள். செய்தி எதுவாயினும் சரி, எந்த ஊர்ப் பதிப்பாயினும் சரி. பின்பக்கம் வெட்டப்படாமல் இருந்தால் போதும்.