வாற்று கூடினால் அறிவு கூடுமா?



பாடசாலையில் விழா என்றால் நாங்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஆயிரம் வாற்று செட் பிடிச்சிருக்கு?" என்றுதான். ஒருநாள் வாடகைக்குப் போகும் அந்தக் காசில் எத்தனை சோல்டரிங் அயன் வாங்கலாம் என்று நாங்கள் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். அந்த நாட்களில் உயர்தர மாணவன் ஒருவன் பழைய போன் பற்றரி, பழுதான ரேடியோவின் ஸ்பீக்கர், சிறிய சிப் ஒன்று, இவற்றை வைத்து அம்ப் செய்துகொண்டு வந்தான். பின்வாங்கு வரை குரல் கேட்டது. நாங்கள் என்ன சொன்னோம்? "இதை வச்சிட்டு பாஸ்ட் பேப்பரைச் செய்." அதற்குப் பிறகு அவன் எதையும் கொண்டுவரவில்லை. குற்றம் எங்களுடையது.

அவன் செய்தது விளையாட்டு இல்லை. 3.7 வோல்ட் பற்றரியில் 8 ஓம் ஸ்பீக்கரைச் சாதாரணமாக இணைத்தால் கூடியபட்சம் 0.2 வாற்றுதான் வரும். ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கும் பிரிட்ஜ் முறையில் வோல்ட் இரட்டிக்கும், வலு நான்கு மடங்காகும். இழப்பு போக அரை வாற்று கிடைக்கும். டீடிஏ2822எம் என்ற சிப் 1.8 வோல்டிலேயே இதற்கு இயங்கும்.

அரை வாற்று போதுமா? ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றரில் 90 தெசிபெல் தரும் ஸ்பீக்கர், அரை வாற்றில் 87 தரும். நாம் பேசுவது ஏறக்குறைய 60. வகுப்பறைக்கு வேறென்ன வேண்டும்? 3 தெசிபெல் கூடிய ஸ்பீக்கரைத் தெரிவு செய்தால் அம்பின் வலுவை இரட்டித்ததற்குச் சமம். வாற்றுக்கு வாடகை கொடுக்கும் எங்களுக்கு இது தெரியாது, அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

"சோதனைக்கு வராதே" என்பார்கள். செயற்பாட்டு விரியலாக்கி உயர்தரப் பௌதிகவியலில் இருக்கிறது. நாங்கள்தான் கரும்பலகையில் ±15 வோல்ட் என்று எழுதிவிட்டுப் போகிறோம். எந்தப் பிள்ளையின் வீட்டில் ±15 வோல்ட் இருக்கிறது? எல்எம்358 மூன்று வோல்டில் வேலை செய்யும். அதைக் கையில் கொடுத்தோமா?

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு எங்கள் குடும்பங்கள் புத்தளம் முகாம்களில் கிடந்த காலம், இங்கே வடக்கில் பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து, கையால் பெடலைச் சுற்றி, 6 வோல்ட் டைனமோவில் செய்தி கேட்டார்கள். சத்தம் இல்லாத நேரம் மிகக் குறைவாகவே மின் குடிக்கும் வகை B சுற்று அந்த ரேடியோக்களில் இருந்ததும் அதற்கு உதவியது. வகை A என்றால் யாரும் பேசாவிட்டாலும் குடித்துக்கொண்டே இருக்கும். குறைந்த மின்னில் வாழ்ந்த மண் இது. அந்த அறிவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல், செட் பெரிதா என்று பார்க்கிறோம்.

பெற்றோரே, பழைய ரேடியோ, ஸ்பீக்கர், போன் பற்றரி இருந்தால் எறியாமல் பாடசாலைக்கு அனுப்புங்கள் (வீங்கிய பற்றரி மட்டும் வேண்டாம்). அடுத்த விழாவில் ஒரு செட்டைக் குறையுங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் ஒரு பாடவேளையை ஒதுக்குகிறோம். இன்னொரு பிள்ளை அம்ப் கொண்டுவந்தால், இன்ஷா அல்லாஹ், இந்த முறை முதலில் கேட்டுப் பார்ப்போம்.