நத்தையின் பெயரைக் கம்ப்யூட்டர் சொல்லுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "போட்டோவைக் கொடுத்தால் அது என்னவென்று இன்டர்நெட்டே சொல்லிவிடுமாமே?" சொல்லும். ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பி எதையும் செய்யாதீர்கள் என்பது என் கருத்து. இதற்கு நல்ல உதாரணம், மழைக்காலத்தில் தொட்டிச் செடிகளில் ஊரும் ஓடில்லா நத்தை. ரத்தம் குடிக்கும் அட்டை என்று நினைத்து இதற்குப் பயப்படுபவர்களும் உண்டு.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் சாஃப்ட்வேரை, ஏற்கெனவே பெயரிட்ட ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கியிருப்பார்கள். உங்கள் படம் எதை அதிகம் ஒத்திருக்கிறதோ, அந்தப் பெயரை அது சொல்லும். அதாவது, அது ஓர் ஊகம்தான். முதுகு மட்டும் தெரியும் படத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் நிறத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். நத்தையில் நிறத்தை நம்ப முடியாது. ஐரோப்பாவின் ஏரியான் ஏட்டர் என்ற ஒரே இனத்தில் கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை என மூன்று நிறங்களிலும் நத்தைகள் உண்டு.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

1. மேல் போர்வை: பல இனங்களில் தலைக்குப் பின்னால் குதிரைச் சேணம் போல ஒரு பகுதி தனியாகத் தெரியும்.

2. மூச்சுத் துளை: அந்தப் போர்வையின் வலப்பக்கத்தில் இருக்கும். துளை போர்வையின் முன்பாதியில் இருந்தால் ஏரியான் குடும்பம். பின்பாதியில் இருந்தால் லைமாக்ஸ் போன்ற குடும்பங்கள்.

3. முதுகு வரம்பு: வாலை நோக்கிக் கூரை முகடு போல ஒரு மேடு இருக்கிறதா என்று பாருங்கள். ஏரியான் வகைக்கு அது கிடையாது.

தென்னிந்தியத் தோட்டங்களில் காணப்படும் லேவிகாலிஸ் ஆல்ட்டே இந்த மூன்றிலும் மாறுபட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து பரவிய இதன் முதுகு முழுவதையும் தோல் போன்ற போர்வை மூடியிருக்கும். சேணம் இல்லை, பக்கவாட்டில் துளையும் தெரியாது. கருமையான முதுகின் நடுவே வெளிறிய கோடு ஒன்று ஓடும். இவ்வளவும் தெரிந்தவருக்கு, சாஃப்ட்வேர் ஓர் ஐரோப்பிய நத்தையின் பெயரைச் சொன்னால் உடனே சந்தேகம் வரும்.

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? எல்லா நத்தையும் செடியைத் தின்பதில்லை. பிரிட்டனில் உள்ள 44 இனங்களில் ஒன்பது மட்டுமே தோட்டச் செடிகளைத் தின்பவை என்று அங்குள்ள ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி கூறுகிறது. நத்தைகளைப் பூச்சிப் பகை என்று வகைப்படுத்துவதையே அது 2022-ல் நிறுத்திவிட்டது. தெரியாமல் உப்பைக் கொட்டினால் தொட்டி மண் கெடும். நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைட் குருணையைத் தின்றால் வீட்டு நாயும் இறக்கலாம். பிரிட்டனில் 2022 முதல் அதை வெளியிடங்களில் பயன்படுத்தத் தடை இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. லேவிகாலிஸ், எலியின் நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடியது. அந்தப் புழு மனிதனின் மூளையைப் பாதிக்கும். எனவே எந்த நத்தையையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கீரையையும் காய்களையும் நன்றாகக் கழுவுங்கள்.

கம்ப்யூட்டரை ஒதுக்கச் சொல்லவில்லை. சரியாகக் கேளுங்கள் என்கிறேன். ஒரு படம் போதாது. முதுகு, வலப்பக்கம், தலை, கண்ணாடித் துண்டின் மேல் ஊரவிட்டுக் கீழிருந்து அடிப்பாதம் என நான்கு படங்கள் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஊரையும் தேதியையும் சேர்த்து ஏற்றுங்கள். அங்கே சாஃப்ட்வேர் பெயரைப் பரிந்துரைத்த பிறகு, விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துச் சரி சொல்வார்கள் அல்லது திருத்துவார்கள். அதுவரை உப்பு டப்பாவைத் திறக்க வேண்டாம்.