இஞ்சிக்கு வந்த இரவற்பெயர்

ஏழாம் நூற்றாண்டில் தொண்டை நாட்டின்மேற் படையெடுத்த சளுக்கியப் புலிகேசியைப் பல்லவ வேந்தன் நரசிம்மவர்மன் புறங்கண்ட களங்களுள் ஒன்று மணிமங்கலம். கூரம் செப்பேடு இதனைப் பறைசாற்றும். வாளேந்தி வந்தவனை ஓட்டிய அம்மண்ணைச் சூழ இன்று ஒரகடமும் திருப்பெரும்புதூரும் தொழிற்சாலைகளால் நிறைந்துள்ளன. உலகப் பொருள்கள் அங்கு உருவாகின்றன. உலகப் பெயர்களும் உடன்வந்து குடியேறுகின்றன. வாளின்றி நுழையும் இப்பெயர்களை ஓட்டுவார் யார்?

‘சிஞ்சர் பீர்’ என்னும் ஒரு பெயரை எடுத்துக்கொள்க. ‘சிஞ்சர்’ என்பது ஆங்கிலன் பெற்ற சொல்லா? அன்று! தமிழன் ‘இஞ்சி’ என்றான். அதன் கிழங்கை ‘இஞ்சிவேர்’ என்றான். அச்சொல்லே பாலியில் ‘சிங்கிவேர’ ஆயிற்று. கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிசு’ ஆயிற்று. இலத்தீன் வழியே ஆங்கிலம் புகுந்து ‘சிஞ்சர்’ ஆயிற்று. வடமொழியாளரோ ‘சிருங்கவேரம்’ எனத் திரித்து, கொம்பு போன்ற உருவுடையது எனப் பொருளுங் கற்பித்தனர். மேலைநாட்டுச் சொற்பிறப்பு அகரமுதலிகளே இச்சொல்லின் திரவிட மூலத்தை ஒப்புகின்றன. தாயின் அணியைக் கொண்டுபோய் உருக்கி, அதனையே மகளுக்கு விலைக்கு விற்பது போன்றதன்றோ இது!

இழப்பு இதனோடு நின்றதா? இல்லை. அவ்விரவற்பெயர் பொருளையும் மறைக்கின்றது. ‘சிஞ்சர் பீர்’ என்பது ஒரு பொருளன்று, பல பொருள்.

முதலாவது, வெறியம் என்னும் மயக்கக்கூறு இல்லாதது. இஞ்சிச் சாறும் சருக்கரையுங் கலந்த நீரிற் கரிவளி ஏற்றியது. ஈழத்தில் ‘எலிபண்டு அவுசு’ பெயரால் விற்பது இவ்வகையே. இரண்டாவது, இஞ்சியும் சருக்கரையும் எலுமிச்சையும் இட்ட நீரை நொதிக்கவிட்டுச் செய்வது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலர் இல்லங்களிற் செய்து வந்தது இதுவே. இதனை நொதிக்கச் செய்யும் கட்டியை ஆங்கிலர் ‘செடி’ என்றே அழைத்தனர். அது செடியன்று, இருவகை நுண்ணுயிர்கள் கூடி வாழும் கூட்டம் என்பதை 1892-இல் மார்சல் வார்டு என்னும் அறிஞர் வெளியிட்டார். ஈழத்துக் குளம்பிச் செடிகளின் இலைநோயை முன்னர் ஆராய்ந்தவரும் அவரே. இந்நீரைச் சில நாளில் எடுத்தால் வெறியம் சிறிதே. மேலும் நொதிக்கவிட்டால் மிகும்.

மூன்றாவது, வெறியத்தை வேண்டுமென்றே ஏற்றி விற்பது. 2009-இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்த ‘கிராபீசு’ நான்கு விழுக்காடு வெறியம் கொண்டது. அதன்பின் இவ்வகை பெருகிற்று. நான்காவது, வாற்கோதுமை முளையினின்று வடிக்கும் ‘பீரில்’ இஞ்சியைச் சேர்ப்பது. ஐந்தாவது, முதல்வகை இனிப்புநீரிற் காய்ச்சிய சாராயத்தைக் கலப்பது.

குழந்தை பருகுவதற்கும் ஒரு பெயர். குடிகாரன் தள்ளாடுவதற்கும் அதே பெயர்! இத்தகைய குப்பியொன்று நாளை மணிமங்கலத்துக் கடையில் வைக்கப்படின், ஆங்கில எழுத்தறியாத தாய் எதனைக் கண்டு பிரித்தறிவாள்? இஞ்சி செரிமானத்திற்கு நல்லதென எண்ணி மகன் கையிற் கொடுத்துவிடின், அப்பழி யாரைச் சாரும்?

‘இவற்றையெல்லாம் பிரித்துச் சொல்லத் தமிழிற் சொல் ஏது?’ என்பார் உளர். அவர்கள் கழக இலக்கியத்தை ஒருகாற் புரட்டட்டும்! கள், நறவு, தேறல், தோப்பி, அரியல், பிழி என வேறுபாடு தோன்ற வழங்கிய மொழி இது. மணிமங்கலம் அடங்கிய தொண்டை நாட்டைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியில் அரிசிக் களியை ஆற்றி, முளையடை கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிட்ட வகையை முறைபடக் கூறுகின்றார். செய்முறையே அறிந்த மொழிக்குச் சொற்பஞ்சமா?

இது குடியைப் போற்றுவதன்று. கள்ளுண்ணாமைக்குத் தனியதிகாரம் வகுத்த வள்ளுவர் வழியினர்க்குக் குடி பகையே. ஆயினும் நாட்டு நடப்பைக் காண்க! பனையினின்றும் தென்னையினின்றும் இறக்கும் கள்ளுக்கு 1987-இல் தமிழ்நாட்டில் தடை விழுந்தது. 2003 முதல் மதுக்கடைகளையோ அரசு வாணிகக் கழகமே நேரில் நடத்துகின்றது. அங்கு விற்பவற்றுக்கு அரசு வழங்கும் பெயர் ‘இந்தியாவிற் செய்த அயல்நாட்டு மது’! தமிழ்ப்பெயர் தாங்கியது குற்றம். அயற்பெயர் தாங்கியது வருவாய்! பெயரால் வரும் மயக்கம், குடியால் வரும் மயக்கத்திற்குக் குறைந்ததோ?

தமிழர்காள்! பகையாயினும் அதன் பெயரைத் தெளிவுற அறிதல் வேண்டும். வெறியமற்றதை ‘இஞ்சிப் பருகுநீர்’ என்க. இல்லத்திற் சிறிதே நொதித்ததை ‘இஞ்சிப் புளிநீர்’ என்க. வெறியம் ஏற விளைந்ததை ‘இஞ்சிக்கள்’ என்க. கூலத்தில் வடித்ததை ‘இஞ்சித்தோப்பி’ என்க. சாராயங் கலந்ததை ‘இஞ்சிச் சாராயம்’ என்றே வெளிப்படக் கூறுக. குப்பியின்மேல் இப்பெயரும் வெறிய அளவும் தமிழெழுத்திற் பெரிதாகப் பொறிக்கப்படல் வேண்டும் என அரசை வலியுறுத்துக. ‘கள்’ என்று எழுதிய குப்பியை எந்தத் தாயும் அறியாது மகன் கையிற் கொடாள்.

வேர் தமிழருடையது, பெயரும் தமிழாகுக!