சாமையில் ஒரு கல்

மலைபடுகடாத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நமக்குச் சவ்வாது மலை நினைவுக்கு வரும். பாட்டுடைத் தலைவன் நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம்; இம்மலையின் அடிவாரத்து ஊர். கூத்தருக்குக் குறவர் குடியிருப்பில் கிடைக்கும் விருந்தில் தேனில் விளைந்த கள்ளும் தினைச்சோறும் உண்டு. இன்று ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போனால் தேன் கிடைக்கும். தானியமென்றால் சாமைதான் பேர்பெற்றது.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் நகரத்தார் சாமையைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் ஒருமுறை பல்லில் கல் பட்டால் மறுமுறை வாங்கமாட்டார்கள். அந்தக் கல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் களத்திலிருந்து. வெறுந்தரையில் அடிக்கும் கதிரோடு மண்ணும் பொடிக்கல்லும் சேர்ந்துவிடுகின்றன. சாமை அளவே இருக்கும் கல்லைச் சல்லடையும் விட்டுவிடும். ஒரு தார்ப்பாயை விரித்து அடித்தால் பாதித் தொல்லை தீரும். இதற்குப் பெருமுதலீடு வேண்டுமா என்ன?

அடுத்தது உமி. சாமையின் உமி மணியோடு இறுகப் பிடித்திருப்பது. பெண்கள் உரலிலிட்டுக் குத்திய பாடு கொஞ்சமன்று. அந்தப் பாட்டுக்கு அஞ்சியே பல வீடுகளில் அரிசிக்கு மாறினார்கள் என்பது நம் கருத்து. இயந்திரம் வந்தாலும், பெரிய மணியையும் சிறிய மணியையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று நொறுங்கும், மற்றொன்று உமியோடு வெளிவரும். முதலில் சலித்துத் தரம் பிரித்துவிட்டால் நொய் குறையும். வெண்மைக்காக மேலும் தீட்டினாலோ தவிடு போய்விடும். தவிட்டின் நார்ச்சத்தை நம்பித்தானே வாங்குகிறார்கள்! தவிடு நீக்காத சாமை எண்ணெய்ப் பசையால் விரைவில் சிக்கு வாடை அடிக்கும் என்பதும் உண்மை. ஆகவே அரைக்கிலோப் பையும், அதன்மேல் அரைத்த நாளும் வேண்டும். கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்தபோது சரக்கை மாற்றவில்லை, அளவைத்தான் மாற்றினார். அது ஒரு தொழிலையே மாற்றிற்று.

புளியில் கொட்டை நீக்குவதும் தேனில் ஈரம் குறைப்பதும் இவ்வகையே. ஈரம் மிகுந்த தேன் புளித்துப்போகும்.

நமக்குள்ள ஆதங்கம் வேறு. இத்திருத்தங்கள் எங்கே செய்யப்படுகின்றன என்பதுதான் கேள்வி. உமியோடு மூட்டையாகக் கீழே இறங்கும் சாமைக்கு ஒரு விலை, நகரத்துக் கடையில் பைக்கு வேறொரு விலை. இடைப்பட்ட தொகை முழுவதும் இலாபமன்று. சலிப்பதற்கும் உமி நீக்குவதற்கும் ஆன கூலியும் அதில் உண்டு. அவ்வேலைகள் மேலேயே நடந்தால் அக்கூலியும், மாட்டுக்குத் தவிடும் மலையாளி மக்களுக்கே தங்கும். இயந்திரத்தைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. பட்டை அறுந்தால் போளூரிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ ஆள் வரவேண்டுமென்றால் அறுவடைக் காலத்தில் அது சும்மா கிடக்கும். பழுதுபார்க்க உள்ளூர் இளைஞர் இருவரைப் பழக்குவதும் சிறு திருத்தமே. மானியம் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

சென்ற மாதம் நகரத்துக் கடையொன்றில் சாமை வாங்கினோம். பையின்மேல் அழகான மலைப்படம் இருந்தது. அரைத்த நாளைத் தேடினோம், இல்லை.