பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புவது யாருக்காக?



லீவு விட்டால் போதும், கிரிக்கட், உதைபந்து, கராத்தே என்று ஊரில் வகுப்புகள் நிரம்பி வழிகின்றன. சந்தோசம்தான். ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: "உடம்புக்கு நல்லம் சேர், ஃபோனையும் கீழ வைப்பான்."

நம்பத்தான் ஆசை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைகளின் மெச் ஒன்றைப் போய்ப் பாருங்கள். ஒரு பிள்ளை கெட்ச்சை விட்டுவிட்டான். கோச் ஒன்றும் சொல்லவில்லை. வாப்பா கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறார்: "பேட்டுக்கும் சப்பாத்துக்கும் எவ்வளவு செலவழிச்சன்!" அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பந்தைப் பார்க்கவில்லை, வாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

2004இல் இலங்கை அணிக்குள் வந்த பர்வீஸ் மஹ்ரூபைக் காட்டி ஆசைப்படுவது பிழையில்லை. ஆனால் நம்மில் பலருக்கு அந்த ஆசையும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது, குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட ஒரு மெடல் படம் வேண்டும். அவ்வளவுதான்.

உடம்புக்காக என்றால் நான்காம் ஆண்டு முடிந்ததும் ஏன் நிறுத்துகிறோம்? ஐந்து வயது முதல் பதினேழு வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புலமைப்பரிசில் வருடத்துக்கு அதில் சலுகை கிடையாது. (ஆசிரியர்களான நாங்களும் யோக்கியர்கள் இல்லை. விளையாட்டுப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள்தான்.)

இன்னொன்று. நானா மைதானத்துக்குப் போகிறார், தங்கச்சி வீட்டில். அவளுக்கு உடம்பு இல்லையா? நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதைப் பயானில் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறோம். பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கமான இடமும் நேரமும், ஒரு பெண் பயிற்சியாளரும் ஏற்பாடு செய்ய இந்த ஊரால் முடியாதா? கல்யாண மண்டபத்துக்குக் காசு சேருகிறதே.

எங்கள் வகுப்பில் ஒரு மகன். உதைபந்து என்றால் உயிர். போன தவணையோடு நிறுத்திவிட்டார்கள், இப்போது மூன்று டியூஷன். சப்பாத்தை மட்டும் இன்னும் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறான். போன கிழமை கேட்டான்: "சேர், எக்ஸாம் முடிஞ்சா திரும்ப எடுப்பாங்களா? சப்பாத்து அதுக்குள்ள சின்னதாப் போயிருமே."

பெற்றோரே, அவனுக்கு நாங்கள் என்ன சொல்ல?